முகப்புத் தாளில் சறுக்க வேண்டாம்

கேள்வி: பிரான்சில் இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான, ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் எழுதும் உள் கபெஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். பணி அனுபவத் தொகுப்பின் முகப்புப் பக்கத்தை நானே அழகாக வடிவமைக்கலாமா?

பதில்: வேண்டாம். கல்வி அமைச்சகம் தன் இணையதளத்தில் தரும் முகப்புத் தாளையே நிரப்புங்கள். படம், அலங்காரக் கோடு எதற்கும் அங்கே வேலையில்லை. தேர்வின் பெயர், பாடப்பிரிவு, உங்கள் பெயர், பதிவு எண் எல்லாம் பதிவுச் சான்றில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பிறப்புக் குடும்பப் பெயர் வேறு, திருமணத்துக்குப் பின் புழங்கும் பெயர் வேறு. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் தொகுப்பு யாருடையது என்ற குழப்பம் வரும். சென்ற ஆண்டுத் தாளை எடுக்காதீர்கள்.

உள்ளே இரண்டு பகுதிகள்: முதலில், இதுவரையிலான பணி விவரம் அதிகபட்சம் 2 பக்கம்; அடுத்து, ஒரு கற்பித்தல் அனுபவத்தின் அலசல் அதிகபட்சம் 6 பக்கம். ஏரியல் எழுத்துரு, அளவு 11, ஒற்றை வரி இடைவெளி, இடவலம் 2.5 செ.மீ. ஓரம். பத்தித் தொடக்கத்தில் உள்தள்ளல் கூடாது. இணைப்புகள் 10 பக்கத்துக்குள்.

இரண்டாம் பகுதியின் உண்மைத்தன்மைக்குப் பள்ளித் தலைமையின் சான்றொப்பம் தேவை. அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும். தொகுப்பை அனுப்பும் கெடு தாண்டினால் தேர்விலிருந்தே நீக்கிவிடுவார்கள்.