ரோபாட்டிக்ஸ் படிக்கும் மகளுக்கு உதவித்தொகை: தாராவி சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. தாராவியில் இட்லி வியாபாரம் செய்து, மகளை இந்த ஆண்டு ரோபாட்டிக்ஸ் பொறியியலில் சேர்த்துவிட்டு, மீதிக் கட்டணத்துக்கு எந்த அறக்கட்டளையை அணுகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி திட்டத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டாத மாணவிகளில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும்.

மும்பையில் நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். இங்குள்ள மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும், ஆதாரிலோ தலைப்பெழுத்து மட்டும் நிற்கும். என் தங்கை மகளுக்காக அந்த ஒற்றை ‘எஸ்’ எழுத்தைத் திருத்த ஒரு மாதம் அலைந்தோம். ஆகவே ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் இன்றே அருகருகே வைத்துப் பாருங்கள். தாசில்தார் வழங்கும் வருமானச் சான்றிதழும் வேண்டும்.

அறக்கட்டளைக்கு எழுதும்போது, பொதுவாக ‘உதவி தேவை’ என்று நிறுத்தாமல், கட்டிய தொகை, மீதி, கடைசி நாள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, காசோலையைக் கல்லூரியின் பெயருக்கே தரும்படி கேளுங்கள். கறுப்புக் கோடு ஒன்றைப் பின்தொடர்ந்து ஓடும் சின்ன வண்டியை மகளே செய்ததாக எழுதியிருந்தீர்களே, அதன் படத்தையும் அவசியம் இணையுங்கள்.