குழந்தைகள் நாடகத்தில் யாருக்கு வசனம் கொடுக்கிறோம்?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறோம். வேறு மொழி பேசுகிற பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள், வசதி இல்லாதவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள என்ன செய்யலாம்?

நடிக்கிறவர்கள் பட்டியலை எடுத்து, யார் யாருக்கு வசனம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். நான் 14 வருஷமாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகளோடு நாடகம் செய்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் தமிழ் பேச்சு. எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்கிற நாடகங்களில் நீங்கள் சொல்கிற பிள்ளைகள் மரமாக நிற்பார்கள், இல்லாவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் கை தட்டுவார்கள். வாயைத் திறக்க அவர்களுக்கு ஒரு இடமும் இருக்காது.

எனக்கு வசனம் கிடைத்தது, அது இன்னும் மோசமாகப் போனது. ஆறாம் வகுப்பில் என்னை மலையாளம் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். என் மலையாளத்தில் தமிழ் அப்படியே தெரியும். ஆண்டு விழா நாடகத்தில் காய்கறி விற்கிற 'பாண்டிக்காரி' வேஷம் எனக்கு, தமிழ்க்காரியைக் கேலியாக அப்படிச் சொல்வார்கள். கொடுத்த டீச்சர் என்மேல் பிரியமானவர்தான், நீ சும்மா பேசினாலே போதும், எல்லாரும் சிரிப்பார்கள் என்றார். சிரித்தார்கள். முன்வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார், அவரும் கடையில் காய் வாங்கும்போது அதே மலையாளம்தான் பேசுவார். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு முடிகிற வரை பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை வலி என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

அதனால் ஒரு பிள்ளையின் பேச்சையோ நிறத்தையோ உடம்பையோ வைத்துச் சிரிப்பு வரவழைக்கிற காட்சி என் நாடகத்தில் கிடையாது. கறுத்த பையன் என்றால் அரக்கன், வெளுத்த பெண் என்றால் இளவரசி என்று கை தானாக எழுதிவிடும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன்: நன்றாக நடக்கிற பையனைக் கால் நடக்க முடியாதவனாக நடிக்க வைத்து, கடைசிக் காட்சியில் கடவுள் அருளால் எழுந்து ஓடவிட்டு, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சக்கர நாற்காலியில் வந்து அதைப் பார்க்கிற பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்?

அப்புறம் மொழி. மேடையில் ஒரே மொழிதான் சுத்தமாகப் பேச வேண்டும் என்பவர்களிடம் நான் தோல்பாவைக்கூத்தைச் சொல்வேன். இங்கே பகவதி கோயில் கூத்துமாடங்களில் புலவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாட்டு, விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரும். நம் ஊருக்கு இது புதிதே இல்லை.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பாணர் சமூகத்தினர் ஆடுகிற நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்திலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். அதில் சோத்தியக்காரன் என்று ஒருவர் வருவார். வேஷம் கட்டி வருகிற ஒவ்வொருவரிடமும் நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் கதை நகரும். (பொறாட்டில் சாதிப் பெயரிலேயே வேஷங்கள் உண்டு, அந்தக் கேலியைப் பிள்ளைகளிடம் கொண்டு வராதீர்கள். கேள்வி கேட்கிற ஆள் மட்டும் போதும்.) கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற ஒரு ஒடியாக் குடும்பத்தின் மகள் எங்களிடம் வந்தாள், நாலாம் வகுப்பு, தமிழும் பேச மாட்டாள், மலையாளமும் பேச மாட்டாள். மனப்பாடம் செய்ய வைத்து நாலு வரி சொல்ல வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவள் ஊர்க் குளத்தைப் பற்றி ஒடியாவிலேயே பேசட்டும் என்று விட்டோம். சோத்தியக்காரனாக நடித்த பையன், "என்ன, ஆமையா? எவ்வளவு பெரிசு? அதன்மேல் ஏறி உட்கார்ந்தாயா?" என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போக, பார்க்கிறவர்களுக்குக் கதை முழுக்கப் புரிந்துவிட்டது. அவள் சொல்வது புரிந்தால்தானே அவன் அப்படிக் கேட்க முடியும், அதற்காக மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் உட்கார்ந்து ஒடியா கற்றுக்கொண்டான். நான் இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் (பள்ளிப் பிள்ளைகளின் மாநிலக் கலைப் போட்டி) மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலய ஆட்டம் என்று ஐந்து பழங்குடி ஆட்டங்களைப் போட்டியில் சேர்த்தார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரு பயமும் உண்டு. பணமுள்ள பள்ளிகள் பயிற்சியாளரை வைத்துக் கற்றுக்கொடுத்துப் பரிசு வாங்கிக்கொண்டு போக, அட்டப்பாடி இருளப் பிள்ளை கீழே நின்று பார்க்கிற நிலை வந்துவிடக் கூடாது. யாருடைய ஆட்டமோ அந்தப் பிள்ளைகள் மேடையில் இருக்க வேண்டும், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறவர்களாக இருக்க வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

பார்க்க வருகிற பிள்ளைகளையும் யோசியுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ என்கிற கேரள அரசின் பெண்கள் சுய உதவி அமைப்பும் சேர்ந்து நடத்துகிற பட்ஸ் பள்ளியிலிருந்து ஒரு தடவை பிள்ளைகள் வந்தார்கள். செண்டை முழங்கியதும் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்துவிட்டான், ஆசிரியை அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. தப்பு எங்களுடையது. லண்டனில் 'ஆய்லி கார்ட்' என்கிற குழு 1981 முதல் நாடகம் செய்கிறது, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே தொட்டு, முகர்ந்து அனுபவிக்கிற மாதிரி நாடகங்கள் உருவாக்குகிறார்கள். நியூயார்க் பிராட்வேயில் 2011இல் 'லயன் கிங்' நாடகத்தை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றபடி ஒலியையும் ஒளியையும் தணித்து நடத்தினார்கள். நம்மால் அந்த அளவு செலவு செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. நாங்கள் இப்போது விளக்கை முழுதாக அணைப்பதில்லை, கதவைச் சாத்துவதில்லை, செண்டைக்குப் பதில் கஞ்சிரா. யார் வேண்டுமானாலும் எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம். பக்கத்து அறையில் பாய் விரித்து வைத்திருக்கிறோம். நாடகம் ஆரம்பிக்கும் முன் பூதமாக நடிக்கிற பிள்ளை எல்லார் முன்னாலும் வந்து முகமூடியை மாட்டிக் காட்டி, கழற்றிக் காட்டும், தொட்டுப் பார்க்கவும் கொடுக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடை வாடகையும் மேக்கப் செலவும் பெற்றோர் தலையில் விழுந்தால் பாதிப் பேர் பெயரே கொடுக்க மாட்டார்கள். வீட்டு உடையிலேயே நடிக்கிற கதையாக எழுதுங்கள்.

கடைசியாக ஒத்திகை நேரம். நான் பல வருஷம் பள்ளி விட்ட பிறகு நாலரை மணிக்கு ஒத்திகை வைத்தேன். பாதியில் எழுந்து போகிறவர்களை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, ஆர்வமில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். போன வருஷம் அதை மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றினேன். நான் எடுத்துவிட்டவர்களில் மூன்று பேர் அவர்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு மேல் அவர்கள் ஊருக்குப் பஸ் கிடையாதாம், நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.