முதலில் நகை, பிறகு வடகிழக்கு

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வசிக்கிறோம். கணவர் இறால், நண்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பும் வியாபாரி. 28 மாநிலங்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை; எனக்கும்தான். 17 முடிந்தது. கடைசி நாலு பயணமும் மீன்பிடித் தடைக்காலத்தில், என் நகையை அடகு வைத்துப் போனவை. நகை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இப்போது வடகிழக்கு முழுவதும் 14 நாள் டூர், இருவருக்கு 1,90,000 ரூபாய், வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். மகளுக்கு அடுத்த வருஷம் கல்லூரி. சேரலாமா?

பதில்: சேராதீர்கள், அம்மா. ஊர் சுற்றும் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரவே இல்லாத நாளில், கடன் வாங்கிச் சுற்றுவதுதான் தப்பு.

நீங்கள் அனுப்பிய அடகு ரசீதுகளில் முதல் வருஷத்தையும் கடைசி வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆரம், அதே இரண்டு ஜோடி வளையல், அதே எடை. தொகை மட்டும் 60,000 இருந்த இடத்தில் 3,12,000. தங்கம் விலை ஏற ஏற, அதே நகைக்குக் கூடுதலாகத் தருகிறார்கள். வட்டியைக்கூடக் கட்டாமல் அசலோடு சேர்த்துத் திருப்பி வைத்து, மேலே ஒரு 60,000 வாங்கியிருக்கிறீர்கள். நாலு பயணத்துக்கு 2,40,000. 18 சதவீத வட்டியில் இன்று மீட்கப் போனால் சுமார் 3,70,000. வட்டியாகவே இரண்டு பயணக் காசு போய்விட்டது. விலை இறங்கினால் திருப்பி வைக்கவும் முடியாது. கையிலிருந்து பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஏலம்.

இனி டூர். தவணை மாதம் 15,800, நகை வட்டி 5,500. சேர்த்து 21,300. அடுத்த தடைக்காலத்தில் இதை எங்கிருந்து கட்டுவார்? 'வட்டியில்லா' என்கிறவர்களிடம், மொத்தப் பணமும் ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைக்கிற தொகைதான் வட்டி. அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், ஜிஎஸ்டி. இந்தத் திட்டங்களை இவ்வளவு பேர் நம்புவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எட்டு மாநிலத்தை 14 நாளில் பார்ப்பதும் முறையில்லை. ஜூனில் அங்கே மழை பிடித்துவிடும். சிக்கிம் பாதையில் மண் சரிந்தால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னாளில் ஒரு பிப்ரவரியில் கௌஹாத்தியில் தங்குங்கள். ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர், ஷேர் டாக்ஸி கிடைக்கும். நாகாலாந்தின் திமாபூருக்கும் அருணாசலத்தின் நாகர்லகுனுக்கும் ரயில் இருக்கிறது. இந்த இரண்டு மாநிலத்துக்கும், மணிப்பூர், மிசோரமுக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும். இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: கடனை வங்கிக்கு மாற்றுங்கள். வங்கிக்கு வங்கி மாறும், 9.5 சதவீதம் என்று வைத்தால் வருஷ வட்டி 66,600 இருந்தது 35,000 ஆகும். வைக்கும்போது ஒரே ரசீதாக வைக்காமல் மூன்றாகப் பிரித்து வையுங்கள்; அப்போதுதான் ஒவ்வொன்றாக மீட்க முடியும். தவணையும் நகை வட்டியும் சேர்த்து வந்த அந்த 21,300-ஐ படகு கடலுக்குப் போகும் பத்து மாதமும் நகைக்குக் கட்டுங்கள். ஒரு வருஷத்தில் கடன் 1,92,000-க்கு இறங்கும். மகள் கல்லூரி சேரும் நேரத்தில் பாதி நகை வீட்டில் இருக்கும். இரண்டாம் வருஷம் மீதியும் வந்துவிடும்.

அதுவரை அவர் ஆசைக்கு ஜார்கண்டும் சத்தீஸ்கரும் இருக்கின்றன. ராமேஸ்வரத்திலிருந்தே புவனேஸ்வருக்கு வாராந்திர ரயில். அங்கிருந்து ராஞ்சி, ராய்ப்பூர் போகலாம். ஸ்லீப்பரில், கையில் உள்ள காசுக்குள் மட்டும். ஆரத்தை மட்டும் இனி எந்தப் பயணத்துக்கும் கொடுக்காதீர்கள். அதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.