புது டயர் போட்ட நாலாம் நாள் ஆடிய சக்கரம்

கேள்வி: போன வாரம் ஒரு கடையில் நாலு டயரையும் மாற்றினேன். நாலாம் நாள் திருச்சிக்குப் போகும்போது பின்பக்கம் இடது சக்கரத்தில் ‘டக், டக்’ என்று சத்தம். டயரில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்து முசிறி வரை ஓட்டிவிட்டேன். அங்கே வீல் கப்பைக் கழற்றினால் நாலு நட்டில் ஒன்றைக் காணோம், மற்ற மூன்றும் கையாலேயே சுற்றின. கடைக்காரரோ, “ஏர் கன் வைத்து டைட் பண்ணினோம் சார், எவனாவது வீல் திருட வந்திருப்பான்” என்கிறார். தவறு யாருடையது? (நாமக்கல் வாசகர்)

பதில்: வீல் கப் போட்ட வண்டியில் நட்டு கழன்றால் வெளியே தெரியாது. நீங்கள் முசிறியிலாவது நிறுத்தினீர்களே, அது உங்கள் நல்ல நேரம்.

திருடன் கதையை முதலில் பார்ப்போம். அந்த ஒரு சக்கரத்தைச் சரிசெய்த கையோடு மற்ற மூன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தீர்களா? இல்லையென்றால் வேறு யாரும் கை வைப்பதற்குள் பாருங்கள். ஒரு சக்கரத்தில் அசைக்கவே முடியாத டைட், இன்னொன்றில் லேசாகத் தட்டினாலே திரும்புகிறது என்றால், அது ஏர் கன்னை (காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி) அளவில்லாமல் அடித்த கை. நட்டைக் கழற்ற உட்காரும் திருடன் டயரை எடுக்காமல் போக மாட்டான்.

“டைட்டாகத்தானே வைத்தோம்” என்பதை எல்லாக் கடையிலும் கேட்கலாம், பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. சக்கரத்தை நட்டு மட்டும் தாங்குவதில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைபோட்ட கம்பி, ஸ்பிரிங் மாதிரி ஒரு துளி நீள்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் சக்கரத்தை நிறுத்தி வைக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) முறுக்கினால் ஒரு நட்டுக்கே ஏறக்குறைய 4 டன் அழுத்தம் கிடைக்கும்.

இப்போது இடையில் துரு இருந்தால்? சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தை நகத்தால் சுரண்டுங்கள். செங்கல் பொடி மாதிரி உதிர்கிறதா? நட்டை அந்தப் பொடியின் மேல்தான் டைட் வைத்திருக்கிறார்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் பொடி நசுங்கும். நசுங்கியது முடி அளவுதான், ஆனால் ஸ்டட் நீண்டிருந்ததே அதே முடி அளவுதான். இழுவிசை போய்விட்டது, சக்கரம் நழுவி ஆட ஆரம்பிக்கும், ஆட்டத்தில் நட்டு தானாகச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். பெயின்ட், சேறு, நட்டு உட்காரும் குழியில் ஒட்டிய அழுக்கு எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஒரு கம்பி பிரஷ்ஷும் இரண்டு நிமிடமும் போதும், கடையில் யார் செய்கிறார்கள்?

மறுபக்கம், ஏர் கன்னால் அளவுக்கு மேல் முறுக்குவதும் ஆபத்து. ஸ்டட் நீண்டு, திரும்பிச் சுருங்காமல் போய்விடும். ‘வழுக்கலாகப் போகட்டும்’ என்று மரையில் ஆயிலோ கிரீஸோ தடவுவதும் அப்படித்தான். பெரும்பாலான கார்களுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு உலர்ந்த மரைக்கானது.

அந்த அளவு என்ன என்று கேட்பீர்கள். பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 108, ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. உங்கள் வண்டியின் எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். கைக்கணக்கு வேண்டுமானால், 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 35 கிலோ அழுத்தினால் ஏறக்குறைய 100. எழுபது கிலோ ஆள் ஸ்பேனர்மேல் ஏறி நின்றால் அதுவே 200 தாண்டிவிடும். ஏறிக் குதிக்கிற நண்பர்களை ஜாக்கி பக்கம் விடாதீர்கள்.

முறை எளிது. நட்டை முதலில் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். ஏறாமல் முரண்டு பிடித்தால் மரை மாறிப் போகிறது என்று அர்த்தம், அதை ஏர் கன்னிடம் கொடுத்தால் ஸ்டட் காலி. அப்புறம் எதிரெதிர் நட்டாக இரண்டு மூன்று தடவையில் டைட் வையுங்கள், கடைசி டைட் சக்கரம் தரையில் நிற்கும்போது. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை ஸ்பேனர் வையுங்கள். கடையில் இதற்குக் காசு கேட்டால் கடையை மாற்றுங்கள்.

ஆடிய சக்கரத்தை வெறுமனே டைட் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் ரிம் போச்சு. அந்த ஹப்பின் நாலு ஸ்டட்டையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மூன்று நட்டில் ஓடியபோது எல்லா ஸ்டட்டும் வளைந்து அடிவாங்கியிருக்கும். கழற்றிய ஸ்டட்டைக் காயலான் கடையில் போடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. ஹப், துளை, மரை எல்லாவற்றையும் படம் எடுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், டயர் கடை பில்லை ஜெராக்ஸ் எடுங்கள். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் சத்தம் கேட்டும் தொடர்ந்து ஓட்டியதைக் கடைக்காரர் கிளப்புவார், அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இதுவும் நட்டுதானா?

பதில்: 80-க்கு மேல் மட்டும் என்றால் பெரும்பாலும் வீல் பேலன்சிங். லூசான சக்கரம் இருபதிலேயே தட்டும். ஆனால் வேகம் கூடும்போது அந்தத் தட்டல் நடுக்கத்தில் கரைந்துவிடும், ‘சரியாகிவிட்டது’ என்று ஏமாறாதீர்கள். நட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேலன்சிங்குக்குக் காசு கொடுங்கள்.

நட்டு டைட்டாக இருந்தும் ஜாக்கியில் தூக்கிய முன்சக்கரம் ஆடுகிறதா? மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பக்கத்தில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கரத்தின் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடை, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பழைய அலாய் வீல் ஒரு செட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வீலைப் பார்ப்பதற்கு முன் நட்டைப் பாருங்கள். மாருதி சுசுகி நட்டின் மரை 1.25 மி.மீ. இடைவெளி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கு 1.5. இரண்டும் 12 மி.மீ. தடிமன் என்பதால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், முறுக்கினால் மரை போகும். அடுத்தது நட்டு உட்காரும் முகம். ஹோண்டா கம்பெனி நட்டுக்கு உருண்டை முகம், வெளியில் விற்கும் பெரும்பாலான அலாய்க்குக் கூம்பு முகம். உருண்டை நட்டு கூம்புக் குழியில் ஒரு கோடாகத்தான் தொடும், லூசாக வேறு காரணமே தேவையில்லை. நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கான வளையமும் வாங்க வேண்டும். இவ்வளவும் விற்பவரிடம் கேளுங்கள். ‘எல்லா வண்டிக்கும் செட் ஆகும்’ என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) வாங்கினால் பயன்படுமா?

பதில்: அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளவுள்ளதாக ஒன்று போதும். அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், கழற்ற வண்டியோடு வந்த ஸ்பேனரே இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியில் போடுங்கள். முறுக்கியபடியே வைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அடுத்த தடவை பொய் சொல்லும்.