அகலமாகும் என்-3, என்-2: வாசகர் கேள்வி பதில்

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி சிடாரா வரை என்-3 நெடுஞ்சாலை, லோவு ஆற்றிலிருந்து உம்ட்லோட்டி வரை என்-2. தென்னாப்பிரிக்கத் தேசியச் சாலை நிறுவனமான சான்ரால் இரண்டையும் ஒரே காலத்தில் அகலப்படுத்துவதால் கடிதங்கள் குவிந்துவிட்டன. பலருக்கும் பயன்படும் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சாலைக்காகப் பாறையை வெடி வைத்து உடைக்கிறார்கள். அன்று வீடே ஆடியது. இப்போது ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஒரு விரிசல். கேட்டால் 'அது பழைய விரிசல்' என்கிறார் காண்ட்ராக்டர். என்ன செய்யலாம்? (வாசகர், கேட்டோ ரிட்ஜ்)

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். வெடி வேலை தொடங்கும் முன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர், கூரை, தரையைப் படமெடுத்துப் பதிவு செய்வது வழக்கம். உங்கள் வீட்டுப் பதிவின் நகலை எழுத்தில் கேளுங்கள். யாரும் வந்து படமெடுக்கவில்லை என்றால், 'பழையது' என்று அடித்துச் சொல்ல அவர்களிடமும் ஆதாரம் இல்லை.

அடுத்து, அதிர்வுமானியின் பதிவைக் கேளுங்கள். தேதி, நேரம், நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகம், அதிர்வெண் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுப் பூச்சில் மெல்லிய விரிசல்கூட விழாமலிருக்க, குறைந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 12.7 மி.மீ. தாண்டக்கூடாது என்று அமெரிக்கச் சுரங்கத் துறை 1980-ல் வகுத்த கணக்கைப் பல நாடுகளிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனித உடம்போ 1 மி.மீ.க்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். அதனால் 'வீடு ஆடியது' என்பது மட்டும் சாட்சியாக நிற்காது. ஜன்னல் கண்ணாடி தடதடப்பது பெரும்பாலும் காற்று வழியே வரும் அழுத்தம். தரை அதிர்வு வேறு, அது வேறு. பதிவில் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும்.

இனி விரிசலைக் கவனியுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் இறங்குவதால் வருவது. நம் குளிர்காலம் வறண்டது. களிமண் சுருங்கினால் சுவர் பிளக்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தில் அளவுகோலை வைத்து, வாரம் ஒரு தடவையும் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் படமெடுங்கள். வெடி இல்லாத வாரங்களிலும் வளர்ந்தால் காரணம் மண். வெடித்த நாளில் மட்டும் தாவினால் உங்கள் வாதம் வலுக்கிறது. அதுவரை பூசி, பெயின்ட் அடித்துவிடாதீர்கள். ஆதாரத்தை நீங்களே மூடியதாகிவிடும். 5 மி.மீ.க்கு மேல் அகன்றாலோ, கதவு மூட மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம், சொந்தச் செலவில் ஒரு கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

புகாரை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வேலைத்தளப் புகார்ப் பதிவேட்டில் ஏற்றி எண் வாங்குங்கள். உங்கள் வட்டாரத்துத் திட்டத் தொடர்புக் குழுவுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

மூன்று தடம் நான்கு, ஐந்து தடமானால் லாரி விபத்து நின்றுவிடுமா? அதுவரை லாரிகளை வேறு வழியில் அனுப்பக்கூடாதா? தினமும் நார்த்டேலிலிருந்து டர்பனுக்கு வேலைக்குப் போகிறேன். (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நிற்காது, குறையலாம். விபத்துக்குத் தடங்களின் எண்ணிக்கையைவிட இறக்கமே முக்கியக் காரணம். துறைமுகத்துக்கு வரும் லாரி உள்நாட்டு மேட்டிலிருந்து கடல் மட்டம் வரை இறங்கியாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடி விட்டுவிடும். என்-3-ன் கீ ரிட்ஜ் இறக்கத்தில் சாலையின் பாதையையே மாற்றி அமைப்பது இதற்காகத்தான். எங்களைக் கேட்டால், புதுத் தடங்களைவிட அதுதான் உருப்படியான வேலை.

மாற்று வழி என்று எம்-13 சாலையைச் சிலர் சொல்கிறார்கள். 2013 செப்டம்பரில் அதன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் 24 உயிர்கள் போயின. அதன் பிறகுதான் ஐந்தும் அதற்கு மேலும் அச்சுள்ள லாரிகளுக்கு அங்கே தடை வந்தது. ஆர்-103 பழைய சாலை, ஊர்களுக்குள் போகிறது. கார் போகலாம், கன்டெய்னர் லாரிகள் திரண்டு போனால் ஊர் தாங்காது.

உங்களுக்கு ஒரு யோசனை. வேலை நடக்கும் பகுதியில் தடம் வழக்கமான 3.7 மீட்டரைவிடக் குறுகியிருக்கும், பக்கத்தில் ஒதுங்க இடமிருக்காது. லாரிக்குப் பக்கவாட்டிலேயே ஓட்டாமல் முன்னாலோ பின்னாலோ இருங்கள். கிளம்பும் முன் பெட்ரோலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பார்த்துவிடுங்கள். அங்கே ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாமே நிற்கும்.

வேலி ஓரம் மரம் நட்டால் சத்தம் குறையும் என்கிறார்களே? எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் என்-2. (வாசகி, உம்லதுசானா)

மனசுக்குக் குறையும், காதுக்குக் குறையாதம்மா. 5 டெசிபல் குறைக்க ஏறக்குறைய 30 மீட்டர் தடிமனுக்கு அடர்ந்த காடு வேண்டும். தடுப்புச் சுவர் வேலை செய்யும், ஆனால் ஒரு நிபந்தனை: வீட்டிலிருந்து பார்த்தால் லாரியின் எஞ்சினும் சக்கரமும் தெரியக்கூடாது. சுவரில் இடைவெளி விட்டாலும், மேட்டிலிருக்கும் வீட்டுக்குத் தாழ்வான சுவர் கட்டினாலும் காசு வீண். வண்டிகள் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்காகக் கேட்க 10 டெசிபல் ஏற வேண்டும். ஆகவே தடங்கள் கூடுவதைவிட, சாலை எத்தனை மீட்டர் உங்கள் பக்கம் நகர்கிறது என்பதை வரைபடத்தில் பாருங்கள். நகர்ப்புறக் குடியிருப்புக்கு எஸ்.ஏ.என்.எஸ். 10103 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரம் சொல்லும் வெளிப்புற அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். அளக்கச் சொல்லிக் கேட்கும்போது இரவில் அளக்கச் சொல்லுங்கள்.

குரங்கு, கீரி, உடும்பு எல்லாம் அடிபட்டுக் கிடக்கின்றன. குரங்குக்குக் கயிற்றுப் பாலம் கட்டச் சொல்லி மனுப் போடலாமா? (வாசகர்கள், வெருலம்)

போடலாம், ஆனால் எங்கே என்று பார்த்துப் போடுங்கள். இருபுறமும் மரக்கிளைகள் நெருங்கி வரும் ஊர்ச்சாலையில் கயிற்றுப் பாலம் பயன்படும். கென்யாவின் டியானி கடற்கரைச் சாலையில் குரங்குகள் அப்படித்தான் கடக்கின்றன. நான்கு ஐந்து தடம் இருபுறமும் ஓடும் என்-2-க்கு மேல் அவ்வளவு நீளக் கயிறு தொய்ந்துபோகும், குரங்கும் ஏறாது. அங்கே கேட்க வேண்டியது சாலைக்கு அடியில் வழி.

மழைநீர்ச் சிறுபாலங்களை அகலப்படுத்தும் சாலைக்கேற்ப நீட்டியே ஆக வேண்டும். நீட்டும்போதே உள்ளே ஒரு பக்கம் அரை மீட்டர் அகலத்துக்கு, தண்ணீருக்கு மேலே, நனையாத திண்ணை ஒன்று கட்டச் சொல்லுங்கள். கீரி, டைக்கர் மான், உடும்பு எல்லாம் அதில் நடக்கும். இப்போது கேட்டால் கொஞ்சம் கான்கிரீட். முடித்த பிறகு கேட்டால் சாலையை உடைக்க வேண்டும். திண்ணை மட்டும் போதாது: விலங்கை அங்கே திருப்பிவிட வேலி வேண்டும், வேலியின் அடிப்பகுதி சிறுகண் வலையாக மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், சிறுபாலத்தின் வாய்ப்பக்கம் குப்பை அடைக்கக்கூடாது. அடைத்தால் விலங்கு மட்டுமல்ல, வெள்ளமும் சாலை மேலேதான் வரும். 400-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன 2022 ஏப்ரல் மழையைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

நடுவில் வைக்கும் கான்கிரீட் தடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இடைவெளியே இல்லாமல் வைத்தால், பாதி கடந்த சிறு பிராணி அங்கே முட்டிக்கொண்டு திரும்பி வண்டியில் மாட்டும். கீழே சிறு திறப்புகள் விட்ட தடுப்பைக் கேளுங்கள். லாரியிலிருந்து சிந்தும் சோளமும் ஒரு வினைதான்: சோளத்துக்கு எலி, எலிக்கு ஆந்தை, ஆந்தை மேல் லாரி.

உங்கள் பக்கத்து மவுன்ட் மோர்லண்டில் நாணல் இருக்கிறதே, கோடையில் லட்சக்கணக்கான தகைவிலான் குருவிகள் வந்து அடைந்ததற்குப் பேர்போன இடம். வட்டார ஈரநிலங்களில் பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்ற அருகி வரும் தவளையும் வாழ்கிறது. சாலையின் எண்ணெயும் டயர்த் தூளும் கலந்த நீர் நேராக நாணலுக்குள் போகாமல், முதலில் ஒரு தேக்கக் குட்டையில் தங்க வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையில், வடிகால் பக்கத்தில் அந்தக் குட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். கருத்துச் சொல்ல முதலில் 'பாதிக்கப்படுவோர்' பட்டியலில் பெயர் பதிய வேண்டும்; வரைவு அறிக்கைக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு.

எங்கள் காய்கறி நிலத்தில் ஒரு பட்டையைச் சாலைக்குக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (வாசகர், கேம்பர்டவுன்)

உடனே வேண்டாம். சர்வேயர் அடித்த முளைகளை நேரில் நடந்து பாருங்கள். அந்தப் பட்டையில் போர்க்குழாய், பம்பு, பாசனக் குழாய், வாசல் வழி எது போகிறது என்று எழுதுங்கள். மிச்சமுள்ள நிலத்துக்குத் தண்ணீரும் டிராக்டரும் எப்படிப் போகும் என்பதே பெரிய நஷ்டக் கணக்கு. அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு நியாயமான இழப்பீடு என்கிறது. சந்தை விலையோடு, இப்போதைய பயன்பாடு, நிலம் வந்த வரலாறு போன்றவற்றையும் பார்க்கச் சொல்கிறது. பிளான் பாஸ் ஆகாத கொட்டகை பேரத்தில் அடிபடும். உங்கள் சார்பில் தனி மதிப்பீட்டாளர் ஒருவரை வையுங்கள்.

இன்னொன்று: ஊர்ப்புறத்தில் தேசியச் சாலையின் எல்லையிலிருந்து 60 மீட்டருக்குள் எது கட்டவும் சான்ராலின் அனுமதி வேண்டும். சாலை எல்லை நகர்ந்தால் அந்த 60 மீட்டரும் உங்கள் நிலத்துக்குள் நகரும்.

சாலை வேலைப் புழுதி கூரையெல்லாம் படிகிறது. மழைநீர் சேர்க்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா? (வாசகி, ஹாமர்ஸ்டேல்)

வேலை முடியும்வரை குடிக்க வேண்டாம், தோட்டத்துக்கு விடுங்கள். வேறு வழியில்லை என்றால், கூரையிலிருந்து இறங்கும் குழாயில் முதல் மழைநீரைத் திருப்பிவிடும் இணைப்பைப் போடுங்கள். 100 சதுர மீட்டர் கூரைக்கு 1 மி.மீ. மழை என்றால் 100 லிட்டர். புழுதிக் காலத்தில் 200 லிட்டராவது வெளியே போகட்டும். தொட்டியின் அடியில் படியும் சேற்றை வடிக்க அடிக்குழாய் இருக்கிறதா பாருங்கள். குடிக்க எடுப்பதைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். கொதித்தால் கிருமிதான் சாகும், புழுதியும் எண்ணெயும் அப்படியே இருக்கும்.