கம்ப்யூட்டரில் திறக்கிறது, போனில் மறுக்கிறது

கேள்வி: பத்தமடைப் பாய் விற்கும் எங்கள் தளத்தைச் சில போன்களில் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் போலியா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: போலியாக இருக்காது. இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும். மூலச் சான்றிதழ் நிறுவனம் உங்கள் சான்றிதழில் நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. நடுவில் இரண்டையும் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று உண்டு. சர்வர் உங்கள் சான்றிதழையும் இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். விடுபட்டதைச் சில பிரவுசர்கள் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், மற்றவை கதவைச் சாத்திவிடும்.

என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பில், உங்கள் சான்றிதழ் மட்டும் உள்ள ‘செர்ட்’ கோப்பு இருக்கும் இடத்தில், இரண்டும் சங்கிலியாகச் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ கோப்பைக் கொடுத்து ரீலோட் செய்யுங்கள். பிறகு ஓபன்எஸ்எஸ்எல் என்ற சோதனைக் கருவி மூலம், பாதுகாப்பான இணைப்புக்கான 443 போர்ட்டைச் சோதியுங்கள். சரிபார்ப்பு எண் 0 வந்தால் சரி. 21 என்றால் சங்கிலி இன்னும் அறுந்தே கிடக்கிறது. 10 வந்தால் சான்றிதழ் காலாவதி.