பிபிடி நெல்லு முங்கிப் போச்சு, வெள்ளம் தாங்குற சப்-1 ரகம் போடலாமா? (ஊத்துக்கோட்டை பக்கம்)
அண்ணே, பிச்சாட்டூர் டேம் தொறந்து ஆரணியாத்துத் தண்ணி பத்து நாள் நின்னு பிபிடி பூரா அழுகிருச்சு, சப்-1 தாங்குமான்னு கேட்டீங்க. ரெண்டு வாரம் வரைக்கும் தாங்கும். உங்க பயிர புடுங்கிப் பாத்திருந்தா வெளுத்து நூல் மாதிரி நீண்டிருக்கும், தலைய வெளிய நீட்டப் பாத்தே இருந்த சத்த தொலைச்சிருச்சு. ஒடிசா நாட்டு நெல்லு எஃப்ஆர்13ஏ-ல இருந்து எடுத்த சப்1ஏ ஜீன் (சப்-1 ரகத்துல ஏத்திருக்கறது இதத்தான்) இருந்தா பயிர் நீளாம அடங்கிக் கெடந்து, தண்ணி வடிஞ்சப்புறம் துளிர்க்கும் (பழைய ரகத்த தூக்கிப் போடக்கூடாதுங்கறது இதுக்குத்தான்). வெதைக்கு சிஆர்1009 ரகத்துல சப்-1 ஏத்துனத கேளுங்க, ஆனா 150 நாளுக்கு மேல ஆகும், அரிசி மோட்டா, பிபிடி வெல வராது. பிபிடியிலயே சப்-1 ஏத்துனது இருக்கு, கெடைச்சா அதையே போடுங்க. பூக்குறப்ப முங்குனா எதுவும் காப்பாத்தாது. வடிஞ்ச அன்னிக்கே யூரியா கொட்டாதீங்க, புது எல வரட்டும்.